கஞ்சிச் சட்டிக்குக் காவல்

சங்கிலியம்மாளுக்கு மார்பில் புற்றுக்கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து ஓடைப்பட்டியில் பாதிப் பேர் வைத்தியர்களாகிவிட்டார்கள். எல்லார் வாயிலும் ஒரே பல்லவி: எதிர்ப்பு சக்தி. கருஞ்சீரகம் தின்னு, கீழாநெல்லி குடி, முள்சீத்தா இலையைக் கொதிக்க வை. வந்தவர்கள் போனார்கள், பொட்டலங்கள் மட்டும் போகவில்லை. சொந்தத் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்கடியில் கழுத்து ஒடியக் கொடியைக் கவாத்து வெட்டியே காலம் தள்ளியவள் அவள். கொடிக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் உடம்புக்கு மட்டும் ஊரே மருந்து சொன்னது.

மற்றவர்களையாவது சமாளிக்கலாம். வீட்டுக்காரர் சுருளிவேலை என்ன செய்ய? கொடிக்கு ஒரு மருந்து போதும் என்றால் மூன்றைக் கலந்து அடிக்கிற மனுஷன். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று அவர் குட்டு உடைந்தது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்டிருந்தது.

“வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?” என்றார் டாக்டரம்மா.

சங்கிலியம்மாள் இல்லவே இல்லை என்றாள். சுருளிவேல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷக் குடித்தனம். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியாதா?

“யோவ், நீ காய்ச்சுற கஞ்சியில என்னத்தக் கலந்த?”

“எதிர்ப்பு சக்திப் பொடிதான். உடம்புக்குள்ள காவல் பலமா இருந்தா நோய் பரவாதுன்னு சொன்னாக.”

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். காவல் அணுக்கள் புற்றோடு சண்டை போடுவது நிஜம்தான் என்றார். ஆனால் அதிலே சிலதைப் புற்று தன் பக்கம் வளைத்துக்கொள்ளும். பிறகு அவையே ரத்தக் குழாய்க்கு வழி திறந்து, நோயை வேறு உறுப்புக்குக் கூட்டிப்போகும். அதைச் சீர்படுத்த மருந்துகள் உண்டு, யாருக்கு எது என்று சோதித்துத்தான் கொடுப்போம், பொடிக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது என்றார். பொடி கெடுத்த ஈரல் தேறும்வரை கீமோ கிடையாது. இரண்டு வாரம்.

இரண்டு வாரம்! கட்டி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? நுரையீரலுக்குப் போய்விட்டால்? பயம் வந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. பஸ் தேனியைத் தாண்டும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், தாண்டியதும் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம தோட்டத்துக் காவல்காரன் ஒச்சாண்டிய மறந்துட்டியா? பழம் களவு போகுதுன்னதும் என்ன செஞ்ச? ஆளுக்குத் தெம்பில்லன்னு கறிச்சோறு போட்ட. பெரிய டார்ச் வாங்கிக் குடுத்த. அந்த டார்ச்ச அடிச்சுத்தானய்யா களவாணிகளுக்கு வழி காட்டுனான்! ஒருக்காப் பட்டும் புத்தி வரல?”

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

“சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருக்க முடியல, சங்கிலி. பயமா இருக்கு.”

அவள் கோபம் பாதி இறங்கியது. ஆனாலும் விடவில்லை. “அப்ப என் கஞ்சிச் சட்டிக்குக் காவல் இரு. ஒருத்தரையும் கிட்ட விடாத. உன்னையுந்தான்.”

இருந்தார். பொட்டலத்தோடு வந்த சொந்த அக்காள் முருகம்மாளையே வாசலோடு திருப்பி அனுப்பினார். ‘பொண்டாட்டிதாசன்’ என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரத்தில் ஈரல் தேறியிருந்தது. நோய் நகர்ந்ததா இல்லையா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். நர்ஸ் மருந்துப் பையை மாட்டி, ஊசியோடு சங்கிலியம்மாளின் கையைப் பிடித்தாள். சுருளிவேல் குறுக்கே வந்து நின்றார்.

“இதுல என்னம்மா கலந்திருக்கு?”

சங்கிலியம்மாள் இன்னொரு கையால் தலையில் அடித்துக்கொண்டாள். “அந்தப் புள்ளைய விடுய்யா! அது நம்ம ஆளு!”