வாளையின் பல் பதிந்த ஈயம்

என் தையல் டப்பாவில் பொத்தான்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவே ஓர் ஈய உருண்டை கிடக்கிறது. கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கத்தில் கீறல். அந்தக் கீறலுக்குள் துருப்பிடித்த தூண்டில் முள்ளின் தண்டு மட்டும் மிச்சமிருக்கிறது. மறுபக்கம் ஊசியால் குத்தினதுபோல வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். மருமகள் அதைக் குப்பையென்று நினைத்து ஒருமுறை பெருக்கித் தள்ளிவிட்டாள். நான் முறத்தைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

அது என் அண்ணன் உருக்கி ஊற்றிய ஈயம். அண்ணன் அப்போது மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் ஊதினால் மைதானமே நிமிர்ந்து நிற்கும். வாயைத் திறந்தால் மட்டும் ‘சரிங்க’ தவிர வேறு வார்த்தை வராது. தலைமை ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரிங்க, பாத்திரக்காரன் நசுங்கின குடத்தைத் தலையில் கட்டினாலும் சரிங்க. பூசைக்குப் போகும் வழியில் யாராவது நிறுத்தி வேலை சொன்னால், மாதா கோயிலை மறந்து அந்த வேலையைச் செய்துவிட்டு வருவார். எனக்கு இது ஆகவே ஆகாது. நான் நறுக்கென்று பேசுகிறவள். “வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்க?” என்று சிறுவயதிலிருந்து அவரைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

ஆற்றங்கரையில் மட்டும் அவர் வேறு ஆள். எங்கள் பக்கத்தில் தூண்டில் என்றால் மூங்கில் கழி, மண்புழு, மேலே மிதக்கிற தக்கை. அண்ணன் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமுக்கு வடக்கே மலைநாட்டுக்குப் போனவர், அங்கே ஓர் அதிகாரி புழுவே இல்லாமல் மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஈயத்தை உருக்கிக் களிமண் அச்சில் ஊற்றுவார். உருண்டையில் கீறல் போட்டு, முள்ளின் கழுத்தில் வைத்துக் குறடால் நெரிப்பார். கீழே கோழி இறகைக் கட்டுவார். தண்ணீருக்குள் அது தத்தித் தத்திப் போகும்போது குஞ்சு மீன் என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். கழிகூடக் கிடையாது. பால் டின்னில் நைலான் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு கையாலேயே வீசுவார்.

வீசுவதற்கு முன்னால் அவர் படுத்துகிற பாடுதான் தாங்காது. உருண்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஓட்டம் ஜாஸ்தியாக இருந்தால் ஈயம் கனக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடும். கனம் கூடிப்போனாலோ கல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நரம்பிலும் இதே தொல்லை. தடித்த நரம்பு அறாது, ஆனால் தண்ணீர் அதைப் பிடித்துத் தள்ளும்; அதற்கு ஈடாக இன்னும் கனமான ஈயம் கேட்கும். மெல்லிய நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும், சின்ன ஈயமே போதும்; பெரிய மீன் மாட்டினால் போச்சு. ஓர் இலையைக் கிள்ளி ஆற்றில் போட்டு அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் யோசிக்க மாட்டார்கள் என்று நான் கரையில் உட்கார்ந்து முணுமுணுப்பேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் சாலைக்கு வந்த வருஷங்கள் அவை. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. எந்த ஊரில் யாரைப் பிடித்தார்கள், எங்கே குடிசை எரிந்தது என்று நாளுக்கொரு செய்தி வரும். பாதி நிஜம், பாதி புரளி. நான் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அந்தப் பள்ளியின் வாட்ச்மேன் மலைக்காரர், அண்ணன் வயதுதான் இருக்கும். அண்ணன் என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு மலைக்கு வருவதெல்லாம் அவரோடு ஓடையில் தூண்டில் போடத்தான். இரண்டு பேரும் பாறைமேல் மணிக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாக வந்தபோது, புதிதாக ஊற்றிய ஈய உருண்டைகளைப் பல அளவில் ஒரு துணியில் முடிந்து, எது எந்தத் தண்ணீருக்குச் சரிப்படுகிறது பாருங்கள் என்று வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கீழே கலவரம் முற்றியதும் அம்மா பயந்துபோய், என்னைக் கூட்டிவரச் சொல்லி அண்ணனை அனுப்பினாள். இரவல் மோட்டார் சைக்கிளில் சுற்றுவழியெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாட்ச்மேன் முந்தின நாளே உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கக் கால்நடையாகக் கீழே இறங்கியிருந்தார். அப்படியே அண்ணனைப் பார்த்து ஈயத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி முடிச்சையும் எடுத்துப் போயிருந்தார். அதைக் கேட்டதும் அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

மலை இறங்கி கோமுகி ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும் உறைத்தது. பாலத்தின் இந்தப் பக்கம் போலீஸ் மறித்து நின்றிருந்தது. சாலையோரத்தில் பிடிபட்டவர்கள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். கடைசியில் எங்கள் வாட்ச்மேன். அவருடைய துண்டாலேயே அவருடைய கைகளைக் கட்டியிருந்தார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. எதிரே ஜீப்பின் மூக்கின்மேல் அந்தத் துணி விரிந்து கிடக்க, அதில் ஈய உருண்டைகள். மலையில் பன்றி விரட்ட வீட்டுக்கு வீடு நாட்டுத் துப்பாக்கி இருக்கும் என்பது போலீசுக்குத் தெரியும். போராட்டக்காரர்களுக்கு மலையிலிருந்து துப்பாக்கி இறங்குகிறது என்று அந்த வாரம் ஒரு புரளி வேறு. மலைக்காரன் கையில் பெரிதும் சிறிதுமாக ஈயக் குண்டுகள்! மீன் பிடிக்க என்று அவர் சொல்லியிருக்கிறார். புழு எங்கே, தக்கை எங்கே, முள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். முள்ளெல்லாம் அண்ணனிடம். அவரிடம் இருந்தது வெறும் ஈயம்.

எங்களைக் கேட்க ஒன்றுமில்லை. டீச்சர், மாஸ்டர் என்றதும் ஏட்டு போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அண்ணன் வண்டியைக் கிளப்பவில்லை. வாட்ச்மேன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை. எங்களை மாட்டிவிடக் கூடாது என்றுதான். அண்ணன் வண்டியை ஸ்டாண்டில் போட்டார். அவருடைய வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. ஒரு கேஸ் விழுந்தால் வேலை போய்விடும், அதோடு அம்மாவும் போய்விடுவாள். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். அவர் என் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

“அது என்னுதுங்க. நாந்தான் குடுத்தேன்” என்றார்.

இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர், பல நாள் தூங்காத கண். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் தோள்பையில் எப்போதும் வைத்திருக்கும் டின்னைத் திறந்து முள்ளையும் இறகையும் நரம்பையும் எடுத்துக் காட்டி, திக்கித் திணறி விளக்கினார். ஏட்டு எங்கள் பக்கத்து ஆள். சின்ன வயதிலிருந்து பெண்ணையாற்றில் புழு கோத்தவராம். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. “புழு இல்லாம இன்னா மீனுங்க மாட்டும்? கத உடறாரு” என்றார். உட்கார்ந்திருந்தவர்களில்கூட ஒருவர் சிரித்தார். மீன் பிடிப்பதைப் பற்றித் தெரிந்த ஊரில்தான் அண்ணனை ஒருவரும் நம்பவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்துகொண்டு ஆற்றைப் பார்த்தார். கைதானவர்களை ஏற்றிப்போகக் கள்ளக்குறிச்சியிலிருந்து வேன் வந்துகொண்டிருந்தது. “அந்தா ஆறு இருக்கு. இதே ஈயத்தைப் போட்டு ஒரு மீனை எடுத்துக் காட்டும். வேன் வர்றதுக்குள்ள எடுத்துட்டா அவனை விட்டுருதேன். இல்லைன்னா ரெண்டு பேரும் ஏறுங்க” என்றார்.

மேலே மழை பெய்து கோமுகி செம்மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் ஈயத்துணியைக் கரைக்கு எடுத்துப்போய் விரித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். வேன் வந்துகொண்டிருக்கிறது, இவர் இலை விடுகிறார்! ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கடைசியில் கனமான உருண்டையை ஒரு முள்ளில் நெரித்து, தடித்த நரம்பில் கட்டி நடு ஓட்டத்தில் வீசினார். இறங்கிய வேகத்தில் கல்லில் சிக்கியது. இழுத்ததில் முள்ளோடு போயிற்று. அடுத்து அதைவிடச் சின்னது. தடித்த நரம்பைத் தண்ணீர் வில்லாக வளைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கிளையில் மாட்டியது. அதுவும் போச்சு. ஏட்டு சாலையில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டபடி நின்றேன்.

அண்ணன் தடித்த நரம்பைச் சுருட்டி வைத்துவிட்டு இன்னொரு டின்னை எடுத்தார். தலைமுடி போல மெல்லிய நரம்பு. அதில் இந்த ஈயத்தைக் கட்டினார், கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரியதை. நடு ஆற்றை விட்டுவிட்டார். பாலத்தின் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்து அடங்குகிற இடம் ஒன்று இருந்தது. அதற்கு மேலே வீசி, ஓட்டமே கொண்டுவந்து அங்கே இறக்கும்படி விட்டார். ஒருமுறை. இன்னொரு முறை. அப்புறம் நரம்பு சட்டென்று பக்கவாட்டில் ஓடியது. தண்ணீரில் வெள்ளையாக ஒரு புரளல். “வாள!” என்று சாலையோரத்திலிருந்து யாரோ சொன்னார்கள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள், போலீஸ் அதட்டியும் உட்காரவில்லை.

அந்த மெல்லிய நரம்புக்கு அந்த மீன் ஜாஸ்தி. பார்த்தாலே தெரிந்தது. அது ஓடினால் அண்ணன் விட்டார், நின்றால் கொஞ்சமாகச் சேர்த்தார். கட்டைவிரலை நரம்பு அறுத்து ரத்தம் டின்மேல் வழிந்தது. அப்போதுதான் வேன் சத்தம் கேட்டது. வேன் வந்து நின்றதும் ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். கரைக்கு இறங்கி வந்த இன்ஸ்பெக்டர், “வேன் வந்தாச்சு. இழும்யா, சட்டுன்னு இழும்!” என்று கத்தினார். அண்ணன் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த ‘சரிங்க’வுக்காக நான் காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லி இழுத்திருந்தால் நரம்பு அறுந்து எல்லாம் முடிந்திருக்கும்.

“பொறுங்க” என்றார் அண்ணன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அதே குரலில், கைகளை அசைக்காமல் பேசினார். “நான் கைய உட முடியாதுங்க. தண்ணியில எறங்கிப் புடிக்கணும். இத புடிக்கத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தர்தான். அவுத்து வுடுங்க.”

வாட்ச்மேன் அப்போது வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் மேலே பார்த்துத் தலையை அசைத்தார். ஏட்டே அந்தத் துண்டை அவிழ்த்தார். வாட்ச்மேன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்து, ஓட்டத்தில் இடுப்பளவு போய் நின்றார். மீன் பக்கத்தில் வரும்வரை அசையவில்லை. வந்ததும் செவுளுக்குள் விரலைக் கொடுத்து அப்படியே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினார். வாயிலிருந்து ஈயத்தைப் பிடுங்கி, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். ஈயத்தில் பல் பதிந்திருந்தது. வாட்ச்மேனின் வீங்கின கன்னத்தையும் பார்த்தார். “போங்க” என்றார். ஏட்டின் கையில் இன்னும் துண்டு இருந்தது. அவர் அதை உதறி மடித்து வாட்ச்மேனின் தோளில் போட்டார்.

வேன் மற்றவர்களோடு போய்விட்டது. அதில் போனவர்களில் எத்தனை பேர் வெறுமனே சாலையில் நடந்ததற்காகப் போனார்களோ, அவர்களுக்காகத் தூண்டில் போட ஆளில்லை. மற்ற உருண்டைகளைப் போலீஸ் வைத்துக்கொண்டது, மீனையும். இந்த ஒன்றை மட்டும் இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் என் கையில் போட்டுவிட்டுப் போனார். அண்ணனுக்கு அதற்கப்புறம் வண்டியை உதைக்கவே வரவில்லை. வாட்ச்மேன்தான் உதைத்துக் கொடுத்தார்.

அண்ணன் ஓய்வுபெற்று இப்போது கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். இன்னமும் சரிங்கதான். போன மாதம் கரண்டு ஆபீசில் ஒரு சின்னப் பையன் அவரை அரை நாள் நிற்கவைத்து நாளைக்கு வரச் சொன்னான். சரிங்க என்று திரும்பி வந்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் வீட்டிலேயே வைத்துக் கத்திவிட்டு வந்தேன். வந்து டப்பாவைத் திறந்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுநாள் ஈயத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைத்தேன். தழும்பு விழுந்த கட்டைவிரலால் அதை ஒதுக்கி, உள்ளங்கையில் ஆட்டிப் பார்த்தார், பழக்கம் போகவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன். அந்த மீன் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அண்ணன் அவசரப்படவில்லை. இலை போகிற போக்கைப் பார்ப்பவர்போல ஈயத்தைப் பார்த்தார்.

“இன்னா ஆவும்? வேன்ல அவரு தனியா போயிருக்க மாட்டாரு.”

ஈயத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கொண்டுவந்து பொத்தான்களோடு போட்டு மூடினேன்.