கூடார நிழலில் கார்த்திக்

ரகுராமன் இறந்த செய்தி எங்கள் புகைப்படக் குழுவின் வாட்ஸப்பில் வந்தது. அனுப்பியவர் கார்த்திக். ‘ரகு சாரை இழந்தோம், ஓம் சாந்தி’ என்று எழுதி, கீழே ஒரு படமும் போட்டிருந்தார். தளேகாவ் ஊரில் நடந்த பந்தயத்தில் சேற்றை வாரி இறைத்தபடி மோட்டார் சைக்கிள் தலைகீழாகப் பறக்கும் படம். எடுத்தது ரகு. மூலையில் இருந்தது கார்த்திக்கின் பெயர். அழுகைக்கு முன்பே எனக்குக் கோபம்தான் வந்தது. இனி அவனை ‘அவர்’ என்று எழுத மனமில்லை. ரகுவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரம் முழுக்க ரகுவுக்கு போசரியில் தொழிற்சாலை வேலை. ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் பந்தயத் தடங்களில் அருகருகே புழுதி தின்றோம். அவர் ஜேபெக் கட்சி, நான் ரா கட்சி. ஜேபெக் சின்னக் கோப்பு. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா சளைக்காமல் எடுக்கும். ரா, கேமரா கண்ட வெளிச்சம் முழுவதையும் வைத்திருக்கும் பெரிய கோப்பு. கொஞ்ச நேரத்தில் கேமரா திணறி நின்றுவிடும். “வண்டி பறந்து, எறங்கி, ஓட்டினவன் சாய் குடிக்கப் போயாச்சு. ஒங்க கேமரா இன்னும் மென்னுக்கிட்டு இருக்கு, வசந்தா” என்பார். படங்களை அமைப்பாளர்களிடம் கொடுத்த கையோடு கேமரா கார்டை அழித்துவிடுவார். “குடுத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு அந்தக் குப்பை?”

தளேகாவிலும் அப்படித்தான் செய்தார். அங்கே படங்களை வாங்கி அடுக்கும் பொறுப்பு கார்த்திக்குடையது. சில மாதம் கழித்து அந்தப் படம் கார்த்திக் பெயரில் ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கியது. நடுவர்களிடம் போனோம். எடுத்தவரிடம்தான் ரா கோப்பு இருக்கும், அதைக் காட்டுங்கள் என்றார்கள். ரகுவிடம் ஏது? கார்த்திக்கும் காட்டவில்லை, தன் கார்டு கெட்டுப்போனதாகச் சொன்னான். போட்டிக்கு அனுப்பியவன் அவன் என்பதால் பெயர் அவனுக்கே நின்றது. “விடுங்க, படம் நல்லாருக்குன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல” என்றார் ரகு. அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் முதுகுவலி என்பார்.

போன வாரம், இந்த அஞ்சலியோடு போடுவதற்காக ரகுவின் முகத்தைத் தேடினேன். தளேகாவில் நான் கெடுத்த படம் ஒன்று அகப்பட்டது. அதே வண்டி, அதே தலைகீழ். ஆனால் ஃபோகஸ் தப்பிப் பின்னால் விழுந்திருந்தது. மேட்டின் அடியில் ரகு சேற்றில் படுத்து, கேமராவை வண்டியை நோக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூடாரம், உள்ளே கும்மிருட்டு. ஜேபெக்காக இருந்தால் அந்தக் கறுப்பு கறுப்புதான். என்னுடையது ரா. கணினியில் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கினேன். உள்ளே கார்த்திக் உட்கார்ந்திருந்தான், ஒரு கையில் வடாபாவ், மறு கையில் சாய். மூடிய கேமரா பை மடியில் இருந்தது.

நேற்று அதை நடுவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் அவனைக் கேட்டிருக்க வேண்டும், சாயங்காலமே கார்த்திக்கின் போன்.

“மேடம், போனவர் நிம்மதியா போகட்டுமே. அவரே மன்னிச்சுட்டார்ல?”

“அவர் மன்னிச்சார். நான் மன்னிக்கலை.”

இன்று காலை, பரிசைத் திருப்பித் தரச் சொல்லி நடுவர்கள் அவனுக்கு எழுதிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. ரகுவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கெட்டுப்போன படம் ஒன்றுதான். கூடாரத்தை வெளிச்சமாக்கியபடியே அதை ஆளுயரத்துக்கு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறன்று இரங்கல் கூட்டம், மேடைச் சுவரில் மாட்டப்போவது அதைத்தான். பேசுகிறவர்கள் பட்டியலில் கார்த்திக் பெயர் முதலில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவன் நாற்காலியைப் படத்துக்கு நேர் அடியில் போடச் சொல்லியிருக்கிறேன்.