நான் சிவப்பு மையால் வெட்டிய வரி

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு சனிக்கிழமை காலையில், பெரியநீலாவணையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் ஒரு தகரக் கொட்டிலில் இது நடந்தது. நான் கல்முனைக்காரன். அரசாங்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கொள்வனவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கடதாசிக் கிளிப்பிலிருந்து கட்டடம் வரை எதை எப்படி வாங்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையின் எத்தனையாம் பந்தி சொல்கிறது என்பதை நித்திரையிலும் சொல்வேன். சொல்லியிருக்கிறேன் என்றுதான் என் மனைவி முறைப்பாடு செய்கிறாள்.

என் மகளுக்கு அப்போது வயது இருபத்தாறு. வைத்தியசாலையொன்றில் பிசியோதெரபி செய்கிறாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது யாரிடமோ ஒரு பழைய கிட்டாரை வாங்கி, யாரிடமும் கேட்காமல் தானே வாசிக்கப் பழகியவள். வீட்டில் அவளுடைய அறைக் கதவு சாத்தியே இருக்கும். சத்தம் மட்டும் வெளியே வரும். எங்கள் ஊரில் இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆள் தேடிப் போக வேண்டியதில்லை, தேடி வந்து சொல்வார்கள். அவளுடைய உம்மா ஒரேயொரு நிபந்தனைதான் போட்டாள்: மஃரிப் தொழுகைக்கும் இஷாத் தொழுகைக்கும் இடையில் கம்பியில் கை வைக்கக் கூடாது. மகள் அதை ஒரு நாளும் மீறியதில்லை. மீறாதவளை மேற்கொண்டு என்ன சொல்வது?

அவள் இரண்டு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது ஒரு மின்சார கிட்டாருக்காக. அதுவும் கடையில் தொங்குவது இல்லை, சொல்லிச் செய்விப்பது. கிட்டாரின் உடம்பு கழுத்தோடு சேரும் இடத்தில், ஒரு பக்கத்தை மட்டும் பிறை மாதிரி வெட்டி எடுத்திருப்பார்களாம். கழுத்தைப் பிடிக்கிற கை அந்தப் பிறைக்குள் இறங்கினால்தான் உச்சத்துச் சுரங்கள் எட்டும். இதற்கு சிங்கிள் கட்டவே என்று பெயர்.

“கடையில இரிக்கிறது ஒண்டும் எனக்குச் சரிவராது வாப்பா,” என்றாள்.

தரத்தில் கண்டிப்பான பிள்ளை, என்னைப் போல, என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். அவள் கேட்டது என்னைக் கூட வரும்படி மட்டும்தான். நான் பொறுப்பையே எடுத்துக்கொண்டேன். காசு அவளுடையது, கொள்வனவு என்னுடையது என்று ஆகிவிட்டது.

முதலில் தேவைப் படிவம் ஒன்று தயாரித்து அவளிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே நிரப்பினாள். எடை எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, கழுத்து எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும், ஒலியைப் பிடிக்கும் பிக்கப் இரண்டும் எந்த வகை என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், “மற்றது உங்களுக்குத் தெரியும்தானே வாப்பா” என்று இருந்தது. அந்த நம்பிக்கையை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு, மற்றதை நானே நிரப்பினேன். இணையத்தில் படங்களைப் பார்த்து, பொன்னிறத் திருகாணிகள், கழுத்தில் சிப்பிப் பதிப்பு, பளபளக்கும் பூச்சு, உள்ளே வெல்வெட் ஒட்டிய பெட்டி என்று நான்கு பக்க விவரக்குறிப்பு. கூடவே அளவு போட்ட வரைபடம். இன்றைக்கும் அதில் ஒரு எழுத்துப் பிழை காட்ட முடியாது.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். கொழும்பில் ஒருவர், கண்டியில் ஒருவர், மூன்றாமவர்தான் இந்தப் பெரியநீலாவணைக்காரர். நாற்பது வயதிருக்கும். கொரியாவில் கிட்டார் தொழிற்சாலையொன்றில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டுத் தானே செய்கிறவர். மற்ற இருவரும் கடிதத் தலைப்பில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். இவர் கொப்பித் தாள் ஒன்றில் நாலே வரி எழுதியிருந்தார். தலைப்பு இல்லாததற்காக நான் புள்ளி குறைத்தேன். ஆனால் எங்கள் காசுக்குள் வந்தது அவருடைய விலை மட்டும்தான்.

அவருடைய நாலாவது வரி இது: “வாசிக்கிற ஆள் வந்து பிடித்துப் பார்த்த பிறகுதான் பலகையில் வாள் வைப்பேன்.”

விநியோகஸ்தர் கொள்வனவு செய்பவருக்கு நிபந்தனை போடுவதா? அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் கையொப்பமும் வைத்துத் திருப்பி அனுப்பினேன். முற்பணமும் கொடுத்தாயிற்று.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

“சேர், பலகையில கோடு கீறிட்டன். தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க.”

“வரைபடத்தில எல்லாம் இரிக்கிதானே தம்பி?”

“ஓம், எல்லாம் கிடக்கு. ஆள்தான் இல்ல.”

“அந்த நிபந்தனைய நான் வெட்டிட்டன்.”

“நீங்க வெட்டுங்க சேர். நான் வெட்ட மாட்டன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடுப்போடுதான் போனேன். ஆட்டோவில் போகும்போது, ஒப்பந்த நிபந்தனைகளை ஒருதலைப்பட்சமாக மாற்றுவது பற்றி மகளுக்கு மருதமுனை தாண்டும்வரை விளக்கினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொட்டிலுக்குள் ஒரு நீள மேசை. அதில் இறுக்கிப் பிடித்த மஹோகனிப் பலகை, அதன்மேல் பென்சிலால் என் வரைபடம் அச்சுப்பிசகாமல் கீறியிருந்தது. எனக்குத் திருப்தி. அவர் சுவரில் மாட்டியிருந்த மாதிரிக் கிட்டார் ஒன்றை எடுத்து, “இந்தாங்க தங்கச்சி, பிடிச்சுப் பாருங்க,” என்று மகளிடம் கொடுத்தார். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் இருந்தாள். கிட்டாரை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கழுத்து வலப்பக்கம் வருமாறு மடியில் வைத்துக்கொண்டாள்.

“மகள், மற்றப் பக்கம் திருப்பிப் பிடி,” என்றேன்.

“இதுதான் வாப்பா என்ட பக்கம்.”

செய்கிறவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “தங்கச்சி இடக்கை. சேருக்குத் தெரியாதா?”

நான் வாயைத் திறக்க முதல் அவளே சொன்னாள்: “வாப்பாக்கு என்ட சத்தம் தெரியும். கை தெரியாது.”

கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் முழங்காலை மடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் மடியுது என்று சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

பிறகு வலது கையைக் கழுத்தில் ஓட்டிக் காட்டினாள். அது வலக்கைக்காரருக்கான கிட்டார் என்பதால், திருப்பிப் பிடித்தபோது பிறை மேல்பக்கம் போய்விட்டது. கை இறங்க வேண்டிய கீழ்ப்பக்கத்தில் வெட்டாத மரம். பாதிக்கு மேல் போனதும் விரல்கள் அதில் போய் முட்டி நின்றன. “இஞ்சதான் முட்டும். பழைய கிட்டார்ல பிறை இல்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. கம்பியக் கழட்டி மாத்திப் போட்டுட்டு வாசிச்சிடுவன். இதில ஏலாது.”

என் வரைபடமும் வலக்கைக்காரருக்கானது. இணையத்தில் பார்த்த படங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. வாள் வைத்திருந்தால், அவளுடைய இரண்டு வருடச் சேமிப்பு அவளால் வாசிக்க முடியாத பொன்னிறத் திருகாணிச் சாமானாக வீட்டுக்கு வந்திருக்கும். அதையும் விவரக்குறிப்புக்கு அமைவானது என்று நான் சான்றுபடுத்தி ஏற்றிருப்பேன்.

“ஏன் மகள் சொல்லல்ல?”

“சொல்லணும் எண்டு நினைக்கல்ல வாப்பா. உங்களுக்குத் தெரியாம எப்படி எண்டுதான் நினைச்சன்.”

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நாலு வயதில் அவள் எதற்கும் இடக்கையைத்தான் நீட்டுவாள். சோற்றுக் கையை மாற்றினேன், அது மார்க்கம் சொன்னது. பென்சிலையும் மாற்றினேன். அதை மார்க்கம் சொல்லவில்லை, நான் சொன்னேன். வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம் எழுதினால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் என்பதற்கு மேல் அதற்குக் காரணம் கிடையாது. அவள் ஒரு மாதம் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். அலுவலகத்தில் ஒரு விடயம் முடிந்தால் செய்வதுபோல, நான் கோவையை மூடிவிட்டேன். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்தக் கை தனக்கென்று ஒரு வேலையைத் தேடிக்கொண்டது என் கோவையில் இல்லை.

“பரவால்ல சேர், வாள் வைக்கல்லதானே,” என்றார் அவர். “இந்தப் பக்கத்திலயே மாத்திக் கீற ஏலாது, பிறையோட வெட்டிப் போட இருந்த மூலையில வெடிப்புக் கிடக்கு. பலகையப் புரட்டினா இடக்கைக்கு வந்திடும்.” புரட்டினார். புரட்டியதும் முகம் மாறியது. இப்போது மேலே வந்த பக்கத்தில், கழுத்து வந்து பொருந்தும் இடத்திலேயே, வண்டு துளைத்த தடம். முந்திய கணக்கில் அது பின்பக்கமாகப் போய், பூச்சுக்குள் மறைந்திருக்கும். இப்போது ஆகாது. “கழுத்து நிக்காது சேர். வேற பலகை பார்க்கணும். காஞ்ச மஹோகனி இப்ப என்ன விலை எண்டு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். எங்கள் காசுக்குள் அது வராது. மீதியை நான் போடுகிறேன் என்றேன். மகள் தலையாட்டி மறுத்தாள். “என்ட காசுக்குள்ளதான் வாப்பா.” என் கையிலிருந்த நான்கு பக்கங்களையும் வாங்கி, பேனையையும் கேட்டாள்.

என் விவரக்குறிப்பை என் கண்முன்னே ஒருவர் வெட்டுவதை என் உத்தியோக காலத்தில் நான் அனுமதித்ததில்லை. பொன்னிறத் திருகாணி போனது. சிப்பிப் பதிப்பு போனது. வெல்வெட் பெட்டி போனது. பளபளப்புப் பூச்சுக்கு வந்ததும், “எண்ணெய் பூசினாப் போதும்தானே அண்ணா?” என்று கேட்டாள். “அதுதான் மரத்துக்கும் நல்லம்,” என்றார் அவர். கழுத்தின் மெல்லிய அளவையும் இரண்டு பிக்கப்பையும் அவள் தொடவேயில்லை. விலை பேசும்போது குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. எனக்குக் கீழே வேலை செய்தவர்களில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் பத்து வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றிருப்பேன். அவள் வெட்டியதெல்லாம் நான் போட்டவை, வைத்தவையெல்லாம் அவள் கேட்டவை என்பது நாலாம் பக்கத்துக்கு வரும்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்படியும் பலகைக்குக் காணவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் அன்றைக்கே வீடு கட்டத் தொடங்குவார்கள். கலியாணத்தில் வீடு மகளுக்குப் போகும். நானும் அவளுக்காக எங்கள் வீட்டின்மேல் மாடி கட்டிக்கொண்டிருந்தேன். மேல்மாடிக் கதவுகளுக்கென்று வாங்கிய மஹோகனிப் பலகைகள் ஏழு வருடமாகப் படிக்குக் கீழே காய்ந்துகொண்டு கிடந்தன. “வீட்டில உன்ட பலகை இரிக்கி மகள்,” என்றேன். “உனக்கெண்டு வாங்கினது. அதுக்கு நான் காசு தரல்ல, உன்ட சாமான உனக்கே தாறன்.” சற்று யோசித்தாள். நடைமுறையில் பிழை பிடிக்க முடியவில்லை போலும், சரி என்றாள்.

அன்று பின்னேரமே கிட்டார் செய்கிறவர் வந்து பலகைகளை விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, ஒன்றை எடுத்தார். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “மகள்ட வாப்பா, கதவுக்கு வெச்ச பலகையப் பாட்டுக்குக் குடுக்கிற ஆள் இந்தக் கல்முனையில நீங்க ஒராள்தான்,” என்றாள். பிறகு, “எந்தக் கதவு அது?” என்று கேட்டாள். மேல்மாடியில் கடல் பக்கத்து அறை என்றேன். “அப்ப குடுங்க. கதவு இல்லாட்டிக் காத்தாவது வரும்.”

மூன்று மாதம் சென்றது. இடையில் மகள் நாலு தடவை போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். நான் கூடப் போனேன், ஆட்டோவில் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கிட்டார் வீட்டுக்கு வந்த நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் அதைத் தன் அறைக்குள் கொண்டு போகவில்லை. முன் ஹோலில் கதிரையைப் போட்டு இருந்தாள். செந்தவிட்டு நிறத்தில், எண்ணெய் மினுங்க, ஒரு அலங்காரமும் இல்லாத மரம். இடக்கையால் கம்பியை மீட்டினாள். வலக்கை கழுத்தில் மேலே மேலே போய், எந்த இடத்திலும் முட்டாமல், அந்தப் பிறைக்குள் இறங்கியது. அதுவரை சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்டிராத, மெல்லிய, உயர்ந்த ஒரு சத்தம் வந்தது. சங்கீதம் எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்கு அது தெரியும் என்பது மட்டும் தெரிந்தது. வாசிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, “என்ன ஹாஜியார், கச்சேரி தொடங்கிற்றா?” என்று ஒரு மாதிரியாகக் கேட்டார்.

“ஓம். என்ட மகள்தான் வாசிக்கிறா. டிக்கட் இல்ல, உள்ளுக்கு வாங்க,” என்றேன்.

அவர் வரவில்லை. ஆனால் அவள் முடிக்கும்வரை வேலியை விட்டுப் போகவும் இல்லை.

அவளை நினைத்து இப்போது நான் படுகிற பெருமையில் எனக்கு உரிய பங்கு மிகவும் சிறியது என்று நன்றாகத் தெரியும். அவள் கற்றதெல்லாம் நான் வேண்டாமென்று விலக்கிய கையால் கற்றது, இருந்தாலும் அந்தப் பெருமையைக் கொஞ்சமும் குறைக்காமல் முழுதாகவே படுகிறேன்.