குருவி வரும்வரை வாயை மூடுங்கள்

காட்டில் தண்ணீர் குடிக்க வரும் குருவிகளையும் மிருகங்களையும் படம் பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போகும் வேலைக்குக் கால் வேண்டும், கண் வேண்டும், வாய் மட்டும் கூடாது. எனக்கோ ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வாய் இன்றுவரை நிற்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்து முழங்கால் போன பிறகு, எங்கள் தோட்டத்து எல்லையில், ஊற்றோரம் பச்சை வலை கட்டி மறைப்பு வைத்திருக்கும் நோர்வூட் கடை முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். "மேரியக்கா, உங்க புலம்பல்ல குருவி பறந்திருச்சுன்னு ஒரு ஆள் சொன்னாலும், மறுநாள் நீங்க மலைக்குக் கொழுந்தெடுக்கத்தான் போகணும்" என்றார். சும்மா இருக்கத் தெரியாத வாயோடு பிறந்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும்.

பிடிப்பதும் அடிப்பதும்

முதல் வாரமே வன இலாகா அதிகாரி மாத்தயா ஒருவர் வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். குருவிகளைப் படம் பிடிக்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். பயத்தில் படத்தை விட்டுவிட்டேன். "அபி குருல்லோ அல்லனவா!" என்றேன். குருவி பிடிக்கிறோம் என்று நானே ஒப்புக்கொண்டாயிற்று. அவர் பச்சை வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அன்று மறைப்புக்குள் படம் எடுக்க வந்திருந்தவர் ஓடிவந்து கமராவைக் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சிங்களத்தில் போட்டோவைப் பிடிக்க மாட்டார்களாம். 'கஹனவா', அதாவது அடிப்பார்களாம். "அடிச்சா குருவிக்கு வலிக்காதா மாத்தயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "எவ்வளவும் அடிங்க அக்கா, புடிக்க மட்டும் வேணாம்!"

புது ஆள்

கொழும்பிலிருந்து ஒரு தாடிக்கார ஐயா மஞ்சள் மழைக்கோட்டோடு வந்தார். அந்த மஞ்சளைப் பார்த்தால் எந்தக் காட்டுக்கோழி கிட்டே வரும்? கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் என் பழைய படங்குச் சாக்கை அவருக்குச் சுற்றி, தலைக்கு ஒரு துண்டும் கட்டிவிட்டேன். பாவம், அப்படியே குந்தியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கொழுந்து நிறுக்க இறங்கி வந்த என் பழைய கூட்டாளி செல்லம்மா வலைக்குள் எட்டிப் பார்த்தாள்: "ஏன்டி மேரி, காலைல பெரட்டுல பேர் குடுத்து வேலைக்கு வராம இங்க ஒளிஞ்சிருக்காளே, இந்தத் தாடிக்காரி யாருடி?"

அட்டை

கொத்மலைப் பக்கத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர். மரைமான் ஒன்று குட்டியோடு வந்து தண்ணீரில் வாய் வைத்த நேரம், அவர் கழுத்தில் அட்டை ஏறுவதைப் பார்த்தேன். என் மடியில் உப்பு இருக்கிறது, நாக்கு நுனியில் "ஐயோ" இருக்கிறது. அவர் அசையாதே என்று கண்ணால் அதட்டினார். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். மரை போனபோது அவர் சட்டைக் கழுத்தெல்லாம் ரத்தம். அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். வாத்தியார் நிதானமாகக் கழுத்தைத் துடைத்தார்: "விடுங்கக்கா, அதுவும் குடிக்க வந்ததுதானே."

மூன்றாம் நாள்

ஹட்டனிலிருந்து ஒரு நர்ஸ் பிள்ளை வந்தது. விசில் அடிக்கிற அந்த நீலக் குருவியை எடுக்கத்தான் மூன்று நாள் லீவு. முதலாளி மறுபடி எச்சரித்திருந்ததால் இரண்டு நாளும் கல்லாக உட்கார்ந்திருந்தேன். குருவி வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. அந்தப் பிள்ளை கமராவை உறையில் போட எடுத்தது. எனக்குத் தாங்கவில்லை. "தினமும் காலைல புலம்பிக்கிட்டே பொறுக்குவேனே, மூணு நாளா வாயத் திறக்காம தண்ணியில இலை விழுந்து கிடக்கே, வெளிச்சம் போகுதே, பஸ்ஸும் போயிருமே, இந்தப் பிள்ளை வெறுங்கையோட போகப் போகுதே மாதாவே" என்று வாய் தானாக ஓடியது. வேலை போயிற்று என்று நினைத்த அதே நிமிஷம் ஒரு விசில். நீலக் குருவி கல்லில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, குளித்து, சிறகை உதறியது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே எடுத்துத் தள்ளியது.

கீழே முதலாளி காத்திருந்தார். "அக்கா சத்தம் போட்டாங்களா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை சொன்னது: "தினமும் காலைல புலம்பிக்கிட்டேதானே இவங்க தண்ணியில இலை பொறுக்குறாங்க? குருவிக்கு அந்தச் சத்தம்தான் பழக்கம். இனி இவங்க வாயை மூடினாத்தான் நான் புகார் எழுதுவேன்!"

இப்போது எனக்கிருக்கும் ஒரே கவலை, கவலைப்பட ஒன்றுமில்லாத நாளில் குருவிக்கு என்ன சொல்லிப் புலம்புவது என்பதுதான்.