பெயர் வெட்டிய தூக்கு

கூடுவாஞ்சேரியில் மகளோடு நுழைந்த புது ஓட்டலில் பூண்டு பொரித்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதுமே, தொண்ணூறுகளில் எங்கள் சேலையூர் காலனி முனையில் நின்ற அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டி நினைவுக்கு வந்தது. ரங்கூனிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழச்சி ஒருவர், பர்மாக்காரம்மா என்போம், ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைவார். அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்த காலனிக் கனவான்கள்தான், ரோட்டில் நின்று தின்றால் கௌரவம் போய்விடுமென்று, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளிடம் பாத்திரம் கொடுத்தனுப்பி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வழித்து நக்கினார்கள். அவர்களுடைய சங்கத்துக்குச் செயலாளர் என் அப்பா. எங்கள் எவர்சில்வர் தூக்கில் அவர் பெயர் இனிஷியலோடு வெட்டியிருக்கும்.

அகதிகளால் காலனி நாசமாகிறதென்று நகராட்சிக்கு அவர்தான் மனு எழுதினார். ஒரு சனிக்கிழமை, நான் தூக்கைக் கொடுத்துவிட்டு நிற்கும்போதே நகராட்சி ஆட்கள் வந்து வண்டியை இழுத்துப் போனார்கள்.

மறுநாள் சங்கக் கூட்டத்தின் நடுவே அந்தம்மா வந்து நின்றார்.

"உங்க வூட்டுத் தூக்கு என்னாண்டயே தங்கிப்போச்சு சார். பேரு வெட்டிகீது பாருங்க."

அப்பா கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"நேத்துலேருந்து தேடறோம். திருடிட்டுப் போய்ட்டு, இப்ப நல்லவளாட்டம் குடுக்கறியா?"

ஜன்னலைச் சாத்திக்கொண்டு தின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

"இது எந்த ஊர் சாப்பாடும்மா?" என்று இந்தப் புது ஓட்டலில் மகள் தட்டிலிருந்த அத்தோவைப் பார்த்துக் கேட்டபோதுதான் என் வாய் திறந்தது.

"நம்ம மெட்ராஸ் ஐட்டம்டி, சாப்பிடு."