கடலில் குளித்த கார்

காரில் அப்பாவுக்குப் பக்கத்துச் சீட் என்னுடையது. அம்மா இருக்கும்வரை அது அம்மாவுக்கு. சுனாமிக்குப் பிறகு எனக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

அப்பா ஹயர் ஓடுகிறவர், ஆட்களை வாடகைக்கு ஏற்றிப் போவார். வட்ட முதுகுள்ள பழைய சின்னக் கார். கலியாணம் முடிக்க முன்னமே வாங்கியது. கடல் வந்த அன்று காரும் அவரும் சேர்ந்துதான் தண்ணீருக்குள் போனார்கள். மூன்றாம் நாள் காரைத் தென்னைகளுக்கு நடுவில் கவிழ்ந்தபடி கண்டெடுத்தார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் கண்டெடுத்தார்கள். கூரைத் தகடு வெட்டி, புண் பழுதாகி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டெடுக்கவில்லை.

அதன் பிறகு நானும் அப்பாவும் தன்னாமுனையில் மாமாவின் வீட்டு வளவுக்குள் ஒரு குடிசையில் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. உழவு மெஷின் திருத்துகிறவர். காரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பூட்டி ஓட வைத்தவர் அவர்தான். பொய்க்காலால் கிளச் மிதிக்கலாம் என்று அப்பா சொன்னபோது மாமா நம்பவில்லை. அப்பா மிதித்துக் காட்டினார். மிதிக்கிறது முழங்கால், கீழே இருக்கிறது சும்மா தடி என்பார்.

காருக்கு எது வந்தாலும் பழி கடலுக்குத்தான். கதவு இறுகினால் கடல். ஹோர்ன் அடிக்காவிட்டால் கடல். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் மனிதருக்கு வந்த வருத்தத்துக்கும் அதையேதான் சொன்னார்கள்.

சண்டை முடிந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. அண்ணன் சுனாமிக்கு முந்திய வருடம் இயக்கத்துக்குப் போனவன். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருந்தோம். பொலநறுவைப் பக்கத்தில் ஒரு தடுப்பு முகாமில் இருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். அப்பா பதில் எழுதினார். நான்தான் முகவரி எழுதினேன், அப்பாவின் எழுத்து கோணல். அம்மா போனதை எழுதினார். கால் போனதை எழுதவில்லை.

ஏறாவூரில் துணி எடுத்து நீளக் காற்சட்டை ஒன்று தைப்பித்தார். சாரனைத் தவிர வேறு ஒன்றும் அவர் உடுத்து நான் கண்டதில்லை.

"என்ன அத்தான், பொம்பிள பார்க்கப் போறயளா?" என்று மாமா கேட்டார். பிறகு, "நான் ஓட்டுறன். நீங்க பின்னுக்குக் கால நீட்டிட்டு வாங்க. தூரம் கூட" என்றார்.

"வேணாம் மச்சான். அவன் போகக்குள்ள என்னை அந்தச் சீட்டிலதான் கண்டவன். வந்து பார்க்கக்குள்ளயும் அதிலதான் இருக்கோணும்."

மாமா திரும்பிக் காரடிக்குப் போனார்.

அவ்வளவு தூரம் ஓடுமா என்று பார்க்க, சித்தாண்டிக் கோயில் வரைக்கும் போய் வந்தோம். ஊருக்குள் ஓடும்போது தெரியாத பிழை அன்றைக்குத் தெரிந்தது. வண்டி முன்னுக்குப் போகமாட்டேன் என்றது. யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி. எரிந்த மணம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா சில்லில் தண்ணீர் தெளித்தார். சுர் என்றது.

மாமா நாலு சில்லையும் சுற்றித் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு சில்லு சுட்டா அந்தச் சில்லில பிழை. நாலும் சுடுது. பிழை மேல எங்கயோ" என்றார்.

ஜாக் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றினார். லேசாகச் சுற்றியது. என்னை ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தால் இறுகியது, விட்டால் விட்டது. பிரேக் எண்ணெய் இருக்கிற உருளையைக் கழற்றி, அதில் உள்ள ஊசித் துளையை மெல்லிய கம்பியால் குத்தினார். அடுத்த நாள் அப்பா ஓட்டினார். திரும்பவும் சுட்டது.

ஏறாவூரில் பார்ட்ஸ் விற்கிற முஸ்லிம் அண்ணரிடம் போனோம், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். காக்கா கேட்ட உடனே சொன்னார்.

"கடல்ல குளிச்ச காரல்லவா இது. ஹோஸ் உள்ளுக்க வீங்கியிருக்கும். எண்ணெய் போகும், திரும்பி வராது. எங்கட மூத்தவர்ர சளி அடைச்ச மூக்கு மாதிரி."

ஹோஸ் மூன்றும் மாற்றினோம். மாமா தனியாக எடுத்துக்கொண்டு சித்தாண்டிக்குப் போய் வந்தார். சில்லு குளிர்ந்து கிடந்தது. நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அடுத்த நாள் அப்பா ஓட்டினார், மாமா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். நாலு சில்லும் கொதித்தது.

"காருக்கு உங்களத்தான் பிடிக்கல்ல அத்தான்" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு மாதிரி இருந்தது. ஒன்றிரண்டு நாள் பார்ப்போம், வேறு ஹோஸ் போடுவோம் என்றார்.

அப்பாவுக்குப் பொறுமை இல்லை. வருகிற ஞாயிறு நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று அண்ணனுக்கு எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு திரும்பவும் சித்தாண்டிக்கு விட்டார். முருகனுக்குக் கற்பூரம் கொளுத்தினோம். காருக்கும் விபூதி பூசினார்.

திரும்பி வரும்போது எனக்கு நல்ல சந்தோஷம். ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் வட்டை, காற்று, அப்பா பக்கத்தில். இவ்வளவு வயதாகியும் ஒரு வாகனத்தில் ஏறினால் அந்தக் காற்றைத்தான் தேடுகிறேன். மடியில் இருந்த விபூதிப் பொட்டலம் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அப்பாவின் சாரனுக்குக் கீழே பொய்க்கால் தெரிந்தது. சப்பாத்துப் போட்ட அந்தக் கால் கிளச்சில் இல்லை, நிலத்திலும் இல்லை. பக்கத்தில் பிரேக்குக்கு மேல் ஏறிப் படுத்திருந்தது. அந்தக் காரில் மிதிகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருக்கும்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். எடுப்பார் என்று நினைத்தேன். ஏறாவூர் தாண்டியும் எடுக்கவில்லை.

வளவுக்குள் வந்து நிறுத்தினார். புகை வந்தது. மாமா ஓடி வந்து குந்தினார்.

"ஹோஸ்தான் அத்தான். காக்கா பழசத் தந்திட்டார். நாளைக்குப் பின்னேரம் நான் சரியாக்கித்தாறன். நீங்க போய்ப் படுங்க."

"ஹோஸ் இல்ல மாமா" என்றேன். "அப்பாட கால் பிரேக்குக்கு மேல கிடக்கு."

"சும்மா இரு புள்ள. பெரிய மெக்கானிக்."

"நான் கண்டன். வரக்குள்ள முழுக்கக் கிடந்தது."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. இத்தனை பேர் தேடிய பிழையைக் கண்டுபிடித்தது நான். ஒரு சொல் மெச்சுவார்கள் என்று நின்றேன்.

அப்பா திரும்பிக் காருக்குள் ஏறினார். சாவியைத் திருப்பினார். கிளச்சை மிதித்தார், எடுத்தார், காலை நிலத்தில் வைத்தார். நிலத்தில் வைத்தேன் என்றுதான் அவருக்கு நினைப்பு. சாரனைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். யாரோ வேறொருவரின் காலைப் பார்க்கிற மாதிரி நெடுநேரம் பார்த்தார்.

"மச்சான், பின்னுக்குப் போய் பிரேக் லைட்டப் பார்."

மாமா போனார்.

"எரியுதா?"

மாமா லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எரியுதா எண்டு கேட்டன்."

"ஓம் அத்தான்."

அப்பா சாவியைக் கழற்றினார். இறங்கி வந்து மாமாவின் கையில் கொடுத்தார். குடிசைக்குள் போய்விட்டார்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த அன்றைக்கே மாமா கண்டுவிட்டார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்து மாமி சொல்லித்தான் தெரியும். சிவப்பு லைட் சித்தாண்டியிலிருந்து அணையவே இல்லையாம். கிளச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் மறிப்பாகப் பூட்ட ஒரு இரும்புத் தகடு வெட்டி, அரம் போட்டு, பையில் வைத்திருந்தாராம். சனிக்கிழமை ஹோஸ் மாற்றுகிற சாட்டில் அதைப் பூட்டுவது அவருடைய எண்ணம். நான் ஒரு நாள் முந்திவிட்டேன்.

சனிக்கிழமை காலை அந்தத் தகட்டோடு வந்தார். அது எனக்கு நினைவிருக்கிறது.

"இதப் பூட்டினாக் காணும் அத்தான். நீங்களே ஓட்டலாம்."

"வேணாம்" என்றார் அப்பா.

"சின்ன வேல. அரை மணித்தியாலம்."

"வழியில மனிசர் மாடெல்லாம் போற ரோட்டு. நீ ஓட்டு."

ஞாயிறு விடிய வெளிக்கிட்டோம். மாமா ஓட்டினார். அப்பா காற்சட்டை போட்டு, பின்சீட்டில் காலைக் குறுக்கே நீட்டிச் சாய்ந்திருந்தார். என் சீட் எனக்கே இருந்தது, ஆனால் பக்கத்தில் மாமா. கார் நன்றாக ஓடியது. எரிந்த மணம் இல்லை.

முகாமுக்கு முன்னால் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே பெடியன்கள் வரிசையாக நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அண்ணனை அடையாளம் தெரியவில்லை. அவனுக்குக் காரைத் தெரிந்தது. ஒருவன் வரிசையை விட்டு வேலியோரமாக எங்களோடு சேர்ந்து ஓடி வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பில்தான் அண்ணன் என்று பிடித்தேன். கை காட்டினேன்.

கார் கிட்டப் போனது. அண்ணன் ஓட்டுகிற சீட்டைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். ஓட்டம் நின்றது. கம்பியை ஒரு கையால் பிடித்தபடி அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். தலை முழங்காலுக்குள் போனது.

வெயிலில் நின்ற களைப்பாக்கும் என்று நான் நினைத்தேன். "அண்ணன் குந்திட்டான்" என்று சிரித்தும் விட்டேன்.

அப்பா பின்னால் நிமிர்ந்தார். கார் நிற்க முன்னமே கண்ணாடிக்கு வெளியே தலையையும் இரண்டு கையையும் போட்டார்.

"மனே, நான் இரிக்கன். இஞ்ச பின்னுக்கு இரிக்கன். மனே."

ரோட்டில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பேசாத மனிதர் அவர். எதற்கு இப்படிக் கத்துகிறார் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.