பதினாறு நாள் பட்டினி

வெள்ளிக்கிழமை மாலை அம்மா விளக்கேற்றி முடித்ததும், அக்காவின் கைக்கணினியை எடுத்துத் தொட்டிலில் வைப்பேன். தொட்டில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அதற்குச் சார்ஜ் ஏற்றும் கறுப்புத் தாங்கி. அக்கா வைத்த பெயர் அது. வைத்ததும் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். கைக்கணினி உள்ளங்கை அளவுதான் இருக்கும். சாம்பல் நிறம், மூடி உடைந்த இடத்தில் தையல்கடை எலாஸ்டிக். சிம் கிடையாது, வைஃபை கிடையாது. ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்னால் அலுவலகக்காரர்கள் பையில் வைத்துக்கொண்டு மிடுக்காக நடந்த சாமான்.

அக்கா தேக்கா கடைத்தெருவில் ஒரு மாடிக்கடையில் ரவிக்கை தைத்தாள். வாடிக்கையாளர் அளவுகள் அத்தனையும் அதற்குள்தான். அதற்குத் தமிழ் தெரியாது. அதனால் படம் வரையும் பக்கத்தைத் திறந்து, குச்சிப் பேனாவால் தன் கோணல் கையெழுத்திலேயே எழுதி வைப்பாள். “போன்ல போட்டா ஈஸி லா அக்கா” என்று யாராவது சொன்னால் போதும், “ஊர்ப் பொம்பளைங்க இடுப்பளவெல்லாம் இன்டர்நெட்ல சுத்தணுமா?” என்பாள். கடையே சிரிக்கும். மார்சிலிங்கில் எங்கள் வீட்டில் நான் கிண்டலடித்தாலும் விடமாட்டாள். “உன் போன் நீ தூங்கும்போதும் ஒட்டுக் கேக்குது. இது பாவம், வாயில்லாப் பூச்சி. ஒரே ஒரு குறை, பட்டினி போட்டா எல்லாத்தையும் மறந்துரும்.” அதையும் வழக்கமான கேலி என்றுதான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது என்னிடம் மட்டும்தான் சொன்னாள். தீபாவளித் துணிகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் தானே சொல்வதாகத் திட்டம். அதற்குள், சிகிச்சையில் முடி கொட்டினால் என்ன செய்வது என்று ஒரே ஒரு தடவை தன் போனில் தேடிப் பார்த்தாள். கூடத்தில் அம்மா சீரியல் பார்க்கும் டேப்லெட்டும் அவள் கணக்கில்தான் ஓடியது. இரண்டு நாள் கழித்து அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “என்னடி இது, எதைத் தொட்டாலும் டோப்பாவா வருது? அப்புறம் புற்றுநோய் ஆஸ்பத்திரி வருது. யாருக்கு?” என்றார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அங்கே நின்ற அக்கா தலை குனிந்தாள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக்கொண்டே அழுதார்.

“மடியில படுத்துச் சொல்லலாம்னு இருந்தேன்டி. விளம்பரக்காரன் முந்திக்கிட்டான்” என்று அன்றிரவு அக்கா சொன்னாள். அவள் குரலில் அப்படி ஒரு கசப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதன்பிறகு மருந்து, வலி, பயம் எல்லாவற்றையும் கைக்கணினியில்தான் எழுதினாள். என் கணினியில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன் என்றேன். “நகல் எடுத்தா ரகசியத்துக்கு ரெண்டு சாவி ஆயிடும், வேண்டாம்” என்று தடுத்துவிட்டாள். கடைசியாக மருத்துவமனைக்குப் போனபோதும் அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். “உனக்கு ஒண்ணு எழுதியிருக்கேன். நான் போனப்புறம் படி. இப்பத் தொட்டே, கொன்னுடுவேன்” என்றாள். நான்கு பக்கம் என்று விரலைக் காட்டினாள்.

அவள் போனாள். வீட்டில் படம் வைத்து, மாலை போட்டு, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் முன்னால் வைத்தோம். கத்தரிக்கோல், அளவு நாடா, மல்லிகைப்பூ. கைக்கணினியை நடுவில் வைத்தது நான்தான். குங்குமம்கூட இட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை படத்துக்கு முன்னால் இருப்பதை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆசையை அடக்கிக்கொண்டேன். தினமும் அதன்மேல் புதுப் பூ வைத்தேன். நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து போனது.

பதினாறாம் நாள் எடுத்துப் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது. தொட்டிலில் வைத்தேன். சற்று நேரத்தில் உயிர் வந்தது. நேற்றுத்தான் கடையில் வாங்கியதுபோல் என்னை வரவேற்று, திரையில் ஒரு கூட்டல் குறியைக் காட்டி, அதன் நடுவில் தொடச் சொன்னது. அவள் கையெழுத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

மறுநாள் தேக்காவில் பழைய மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் பாயிடம் ஓடினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது அந்தக் காலத்து மாடல் லா. பேட்டரி சுத்தமா இறங்கிட்டா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். ஏம்மா, சார்ஜ் போடலையா?” என்றார். “பூ வச்சேன்” என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் கூலி வாங்கவில்லை.

என் போன் இருக்கிறதே, அது எதையும் மறப்பதில்லை. நான் கேட்காமலே அக்காவின் படங்களைக் கோத்து, பின்னணியில் இசை போட்டு நீட்டுகிறது. டோப்பா விளம்பரமும் எப்போதாவது வருகிறது. மறக்க வேண்டியது அதற்கு நினைவிருக்கிறது. எனக்கென்று அவள் எழுதிய நான்கு பக்கத்தை நானே பூவால் மூடிக் கொன்றேன்.

என்ன எழுதியிருந்தாள் என்று அம்மா கேட்டார். “உங்களை நல்லாப் பாத்துக்கச் சொல்லியிருக்கா” என்று ஒரு பொய் சொன்னேன். அம்மா விடவில்லை. “அதை அவ எழுதவே வேண்டாமே. நீ பாத்துக்குவேன்னு அவளுக்குத் தெரியும். வேற என்ன எழுதியிருந்தா?” என்றார். “அப்புறம் சொல்றேன்மா” என்று எழுந்து போய்விட்டேன்.

இன்றும் வெள்ளிக்கிழமை. பச்சைப் புள்ளி எரிகிறது. திரையில் அந்தக் கூட்டல் குறி அப்படியே நிற்கிறது. தொட்டால் அது புதுச்சாமான் ஆகிவிடும் என்று பயந்து இன்னும் தொடவில்லை. அம்மா விளக்கு முன்னாலிருந்து திரும்பாமலே, “அதுக்குச் சாப்பாடு போட்டியா?” என்கிறார்.

“போட்டேன்மா.”

“சரி. இன்னைக்காவது மிச்சத்தைச் சொல்லு” என்று பாயில் உட்கார்ந்து காத்திருக்கிறார்.